சரிவான தோட்டத்துக்கு மூடாக்கா, படரும் செடியா? போட்ட நார்த்தூள் எல்லாம் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்விட்டது

மேட்டுவீட்டான் (கோத்தகிரி):

வணக்கம். திருப்பூரிலிருந்து கோத்தகிரிக்குக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் ஆறு சென்ட் நிலம் இருக்கிறது, பாதி சமம், பாதி சரிவு. சரிவு என்றால் ரப்பர் செருப்போடு இறங்கினால் உட்கார்ந்துதான் போய்ச் சேர வேண்டும், அந்த அளவுக்கு. சமமான பாதியில் அம்மா பீன்ஸ், கேரட், கொத்தமல்லி, நான்கைந்து ரோஜா வைத்திருக்கிறார். சரிவு முழுக்க உண்ணிச்செடியாக இருந்தது. பாம்பு வரும் என்று அம்மா பயந்ததால் கோடையில் ஆள் வைத்து வேரோடு பிடுங்கிச் சுத்தமாக்கினேன்.

மண்ணை வெறுமனே விடக்கூடாது, சருகோ தூளோ பரப்பி மூடாக்கு போட வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, தேங்காய் நார்த்தூள் இருபது மூட்டை இறக்கி மேலும் கீழும் மூன்று அங்குலத்துக்குப் பரப்பினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. போன வாரம் இரண்டு மணி நேரம் மழை பிடித்தது. விடிந்து பார்த்தால் சரிவில் ஒரு கைப்பிடி நார்த்தூள் இல்லை, செம்மண்ணில் விரல் ஆழத்துக்குக் கோடு கோடாக வாய்க்கால் விழுந்திருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் நல்ல மனிதர். சண்டை போடவில்லை. "உங்கள் தோட்டம் எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது, வந்து அள்ளிக்கொள்கிறீர்களா" என்று மட்டும் கேட்டார். சாக்கடை அடைத்துக்கொண்டதால் அரை நாள் அதிலேயே போனது.

இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கிக்குயு புல் நட்டுவிடு, ஜென்மத்துக்கும் மண் போகாது என்கிறார் ஒருவர். ஒரு நர்சரியில் மஞ்சள் பூ பூக்கும் ஒரு கொடியைக் காட்டி "மூன்றே மாதத்தில் மூடிவிடும் சார்" என்றார்கள். இன்னொருவர் செடியெல்லாம் வேண்டாம், மரச்சீவல் போடு என்கிறார். எதைக் கேட்பது? சமமான இடத்துக்கும் சரிவுக்கும் ஒரே வழியா, வேறு வேறா? கையிலிருந்த காசில் பாதி நார்த்தூளோடு மிதந்துவிட்டது, அதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.


தேயிலைக்காரி (கோத்தகிரி):

தம்பி, உண்ணிச்செடியைப் பிடுங்கியது சரி, ஆனால் பிடுங்கிய நேரம்தான் தப்பு. நமக்கு, அதாவது கோத்தகிரி, குன்னூர் கிழக்குப் பக்கத்துக்கு, பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான். கோடையில் மண்ணைத் திறந்துவிட்டு, அதில் எதுவும் வேர் பிடிக்காமல் ஐப்பசி வரை விட்டால் இதுதான் நடக்கும். பிடுங்காமல் தரையோடு வெட்டி, வேரை அப்படியே விட்டு, துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டே வந்திருக்கலாம். சரி, நடந்தது நடந்தது.

நார்த்தூள் மிதக்கும் சரக்கு. அதைத் தொட்டியில் போடலாம், நாற்றுக்குப் போடலாம், சரிவில் போடவே கூடாது. மரச்சீவலும் அப்படித்தான், கொஞ்சம் கனம் என்பதால் கொஞ்சம் மெதுவாகப் போகும். சரிவில் நிற்க வேண்டுமென்றால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் சரக்காக இருக்க வேண்டும். நாங்கள் தேயிலையில் கவாத்து வெட்டினால் குச்சியும் இலையுமாக அங்கேயே வரிசைக்கு நடுவில் போட்டுவிடுவோம், எந்த மழைக்கும் அது அசையாது. நீங்களும் குச்சி, கிளை, தழை எதுவானாலும் சரிவுக்குக் குறுக்கே வரப்பு மாதிரி கிடத்துங்கள், மேலிருந்து கீழாக இல்லை. முழங்கை நீளத்துக்கு முளைக்குச்சி சீவி அதன் கீழ்ப்பக்கம் மூன்று அடிக்கு ஒன்று அடியுங்கள். ஆறடிக்கு ஒரு வரிசை போதும். மேலிருந்து வரும் மண் அதில் தங்கும், ஒரு வருடத்தில் சின்னச் சின்னப் படி மாதிரி ஆகிவிடும், செடி நட அதுதான் இடம்.

இதற்கு மேலே சில்வர் ஓக் சருகு போடலாம். தடித்த இலை, மெதுவாக மட்கும். சீகை மரத் (வாட்டில்) தழையும் நல்லதுதான், ஆனால் காய் இருக்கும் கிளையைக் கொண்டுவராதீர்கள், அந்த விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் காத்திருந்து முளைக்கும், அப்புறம் நீங்கள் சீகைத் தோட்டம்தான் வைத்திருப்பீர்கள். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) பச்சை இலை வேண்டாம், அதில் இருக்கும் எண்ணெய் விதையை முளைக்க விடாது, வெயில் காலத்தில் தீக்கும் ஆபத்து.

கிக்குயு பற்றி ஒரு வார்த்தை. நடாதே. மண் போகாது என்பது உண்மை, அது போகவே போகாது என்பதும் உண்மை. மண்ணுக்கு மேலேயும் ஓடும், கீழேயும் ஓடும். இரண்டாம் வருடம் உங்கள் அம்மாவின் கேரட் பாத்திக்குள் இருக்கும், மண்வெட்டியால் வெட்டினால் வெட்டின ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. மாடு வைத்திருப்பவனுக்கு அது வரம்.

மஞ்சள் பூக் கொடி எது? கடலை இலை மாதிரி இலையா, இல்லை டெய்சி மாதிரிப் பூவா? படம் போடுங்கள். டெய்சி மாதிரி என்றால் அது சிங்கப்பூர் டெய்சி, உண்ணிச்செடிக்குத் தம்பி, கிட்டே சேர்க்காதீர்கள்.


பனிவிழும்தோட்டம் (உதகை):

அக்கா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை, ஆனால் யாரும் பனியைப் பற்றிப் பேசவில்லையே. இப்போது மழை, அடுத்த மாதம் வானம் தெளிந்துவிடும், பிறகு பிப்ரவரி வரை உறைபனி. அப்போது இந்த மூடாக்கு விஷயம் தலைகீழாகிவிடும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூடாக்கு போட்டால் மண் சூடாக இருக்கும், செடி தப்பிக்கும் என்று நினைத்து ஒரு வருடம் உருளைக்கிழங்கு, பீன்ஸ் பாத்தியெல்லாம் வைக்கோல் மாதிரி காய்ந்த புல்லை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் எதுவும் போடவில்லை, மண் ஈரமாக, வெறுமையாக இருந்தது. ஜனவரியில் ஒரு காலையில் என்னுடைய பீன்ஸ் வெந்நீர் ஊற்றியது போல் கருகிக் கிடந்தது, அவருடையதில் நுனி மட்டும்தான் போயிருந்தது. மண் பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெதுவாக வெளியே விடுகிறது, அந்தச் சூடுதான் தரைக்கு மேல் ஓரடி உயரத்தில் இருக்கும் செடிக்குக் காவல். மூடாக்கு போட்டால் பகலில் வெயில் மண்ணுக்குள் போகாது, இரவில் இருக்கிற சூடும் மேலே வராது. வேருக்குச் சுகம், இலைக்குச் சாவு. அடர்ந்த புல்லும் படர்கொடியும் செய்வதும் இதேதான், வெறும் ஈர மண்ணைவிட அதன் மேல் காற்று ஓரிரு டிகிரி குளிர்ந்துவிடும், உறைபனி இரவில் அந்த ஓரிரு டிகிரிதான் எல்லாமே.

தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் கோத்தகிரி மிலார் என்ற செடியைச் செருகி மலர்ச்செடிகளை மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது செடிக்கு மேலே கூரை, தரைக்குப் போர்வை இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் என் தப்பு.

அதனால் நான் இப்போது செய்வது: டிசம்பர் தொடங்கியதும் காய்கறிப் பாத்தியில் மூடாக்கை ஓரத்துக்கு ஒதுக்கிவிடுவேன். வானம் தெளிவாக, காற்றில்லாமல் இருக்கும் நாளில் மதியமே மண்ணுக்குத் தண்ணீர் விட்டுவிடுவேன், ஈர மண் அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும். சாயங்காலம் சாக்கோ பழைய வேட்டியோ குச்சி நட்டு மேலே போடுவேன், இலையில் படாமல். மார்ச்சில் வெயில் காயத் தொடங்கியதும் மூடாக்கைத் திரும்ப இழுத்துவிடுவேன். ரோஜா மாதிரி கட்டை ஏறிய செடிகளுக்கு இந்தக் கவலை இல்லை.

கோத்தகிரியில் எங்கள் தலைகுந்தா, காந்தல் அளவுக்குப் பனி இருக்காது. அதுவும் சரிவில் குளிர்காற்று தண்ணீர் மாதிரி கீழே வடிந்துவிடும், பள்ளத்தில்தான் தேங்கும். உங்கள் சரிவு தப்பும், ஆனால் சமமான பாதி சரிவுக்குக் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா? கீழே என்றால் கவனம்.


மேட்டுவீட்டான் (கோத்தகிரி):

சமமான பாதி மேலே, சரிவு கீழே. அப்பாடா.

அக்கா, நர்சரியில் மறுபடி போய்ப் பார்த்தேன், டெய்சி மாதிரிப் பூ, இலை ஓரம் பல் பல்லாக, பளபளவென்று இருக்கிறது. பத்துக் கவர் வாங்க முன்பணம் கொடுத்திருந்தேன். திருப்பித் தர மாட்டோம், வேறு செடி எடுத்துக்கொள் என்கிறார்கள். வேறு எதை எடுப்பது? அம்மாவுக்குப் பாம்பு பயம் இன்னும் இருக்கிறது. அடர்த்தியாகச் செடி வந்தால் பாம்பு வராதா? எங்கள் தெருவில் காட்டெருமையும் வரும், வேலி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது.


பைன்காட்டுப்பக்கம் (கொடைக்கானல்):

நண்பா, எங்கள் ஊரில் இதற்குச் சரக்கு தரையில் கொட்டிக் கிடக்கிறது: பைன் ஊசி. நீளமாக இருப்பதால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், சரிவில் கிடத்தினால் எத்தனை மழைக்கும் நகராது, மூன்று வருடமாக என் பேரிக்காய் மரத்தடியில் அதுதான். மண்ணைப் புளிப்பாக்கிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். காய்ந்து உதிர்ந்த ஊசி அப்படி ஒன்றும் செய்வதில்லை. நம் மலை மண் ஏற்கெனவே புளிப்பு, அதற்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ எப்படியும் போடத்தான் வேண்டும், பழியைப் பைன் மேல் போடுவானேன். ஆனால் வனத்துறைக் காட்டுக்குள் போய் அள்ளாதீர்கள், அனுமதியில்லாமல் எடுக்கக்கூடாது. தனியார் இடத்தில் கேட்டு வாங்கலாம். மாசி பங்குனியில் வீட்டுச் சுவரை ஒட்டிப் போடவும் வேண்டாம், ஒரு பீடித்துண்டு போதும்.

படர்கொடிக் கட்சிக்காரர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லோரும் நட்டதைச் சொல்வார்கள், முதல் வருடம் குனிந்து குனிந்து களை பிடுங்கியதைச் சொல்ல மாட்டார்கள். செடி மூடும்வரை நடுவில் களைதான் முந்தும், கொடியும் களையும் பின்னிக்கொண்ட பிறகு எதைப் பிடுங்குவது? மூடாக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நியாயமாக இதையும் சொல்லிவிடுகிறேன்: மட்கிய மூடாக்குக்கு அடியில் மண்புழுவும் வேர்ப்புழுவும் நிறைய இருக்கும், அது காட்டுப்பன்றிக்குத் தெரியும். என் பூண்டுப் பாத்தியை ஒரே ராத்திரியில் டிராக்டர் ஓட்டியது போல் புரட்டிவிட்டுப் போனது. பூண்டைத் தின்னவே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.


தேயிலைக்காரி (கோத்தகிரி):

தம்பி, அந்தக் கவரை எடுக்காதீர்கள், முன்பணம் போனாலும் பரவாயில்லை. வேறு செடி தருகிறார்கள் என்றால் கடலை இலை மாதிரி இலையும் மஞ்சள் பூவும் உள்ள படர்கடலை இருக்கிறதா என்று கேளுங்கள், பிண்டோ கடலை என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்கச் செடி, புளிப்பு மண்ணைத் தாங்கும், பயறு வகை என்பதால் வேரில் முடிச்சு விட்டுத் தழைச்சத்தையும் சேர்க்கும். பனி பட்டால் மேலே கருகும், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். நம் குளிருக்கு மெதுவாகத்தான் வரும், மூன்று மாதக் கணக்கெல்லாம் கிடையாது, ஒரு வருடம் வையுங்கள்.

ஆனால் இப்போது நட வேண்டாம். இந்த மழையில் நட்டால் அதுவும் கீழ்வீட்டுக்குத்தான் போகும், அதற்குப் பிறகு பனி. சித்திரை வைகாசிக் கோடை மழையில், அடுக்கிய குச்சி வரிசைக்கு மேல்பக்கம் ஓரடிக்கு ஒரு துண்டு நடுங்கள், நடுவில் சருகைப் பரப்புங்கள். கொடைக்கானல்காரர் சொன்ன களைத் தொல்லைக்கு அந்தச் சருகுதான் பதில். முதலில் மூடாக்கு, அதன் மடியில் கொடி. கொடி மூடிய பிறகு மூடாக்கு தானே மட்கிவிடும். அடுத்த ஐப்பசிக்குள் வேர் இறங்கியிருக்கும்.

மேலே அம்மாவின் காய்கறிப் பாத்திக்குக் கொடியே வேண்டாம். கேரட்டோடு அது தண்ணீருக்கும் உரத்துக்கும் போட்டி போடும். அங்கே சருகு, இரண்டு விரல் கனம், தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி. ஒட்டினால் தண்டு அழுகும். கேரட் முளைத்துக் கொஞ்சம் உயர்ந்த பிறகுதான் அதுவும்.

பாம்புக்கு: வீட்டை ஒட்டி நாலடிக்கு எதுவும் வேண்டாம், சரளைக்கல் போதும். சரிவில் இறங்க ஒரு நடைபாதை விடுங்கள். எலி வந்தால் அதைத் தேடிப் பாம்பு வரும், குப்பையும் கோழித்தீவனமும் வெளியே கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டெருமைக்கு என்னிடம் பதில் இல்லை. அது வரும், நின்று பார்க்கும், போகும். நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும்.


ஈரமழை (கூடலூர்):

எங்கள் பக்கம் கதையே வேறு. ஜூனில் பிடித்தால் ஆகஸ்ட் வரை விடாத மழை. மூடாக்கு போட்டால் அழுகி ஓடில்லாத நத்தை கூடாரம் போட்டுவிடும், கீரை ஒன்று மிஞ்சாது, அட்டை வேறு. மழைக்கு முன்னால் மூடாக்கை எடுத்துக் குவித்து மட்கவிட்டு, மழை விட்டதும் பரப்புவோம். ஒரே மாவட்டம்தான், ஆனால் கோத்தகிரிக்காரர் சொல்வதை நாங்கள் செய்தால் நஷ்டம்.


பழைய_பீல்டு (குன்னூர்):

நான் எஸ்டேட்டில் முப்பது வருடம் இருந்தவன். ஒன்று சொல்கிறேன், கேட்பதும் கேட்காததும் உங்கள் இஷ்டம்.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தோட்டம் என்றால் தரை துடைத்த மாதிரி இருக்க வேண்டும். மண்வெட்டியால் சுரண்டிச் சுரண்டிக் களை எடுப்போம், ஒரு புல் இருந்தாலும் துரை முறைப்பார். அப்படிச் சுரண்டியதில் எத்தனை மண் ஓடையில் போனது என்று யாரும் அளக்கவில்லை. பழைய செடிகளின் வேர் முட்டிக்கால் மாதிரி வெளியே தெரிவதைப் பார்த்தால் புரியும். பிறகுதான் முரட்டுக் களையை மட்டும் எடு, மெல்லிய களையை விடு என்று வந்தது. புளியாரை, வல்லாரை, சின்னச் சின்னப் புல், இவை ஆழமாக வேர் விடாது, தேயிலைக்கு ஒன்றும் செய்யாது, மழைத்துளி மண்ணை அடிக்காமல் தாங்கிக்கொள்ளும்.

மேட்டுவீட்டாரே, உங்கள் சரிவில் மழை முடிந்ததும் தானாக என்ன முளைக்கிறது என்று பாருங்கள். உண்ணிச்செடி, பார்த்தீனியம், வெள்ளைப்பூக் காட்டுச்செடி, இவற்றை மட்டும் சின்னதிலேயே பிடுங்குங்கள். மற்றதை விட்டுவிடுங்கள். ஈரம் தங்கும் இடத்தில் வல்லாரை இரண்டு கொடி ஊன்றினால் போதும், துவையலுக்கும் ஆயிற்று. காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்று. தெரிந்தவர் தோட்டத்திலிருந்து கொடி வாங்கினால் வேரை அலசி, மண்ணில்லாமல் கொண்டுவாருங்கள். உருளைக்கிழங்கு போட்ட நிலமென்றால் கட்டாயம். உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961-லேயே உதகையில் கண்டுபிடிக்கப்பட்டது, இன்னும் போகவில்லை, ஒரு பிடி மண்ணில் வந்துவிடும், வந்தால் வருடக்கணக்கில் கிடக்கும். செடியின் துண்டை மட்டும் கொண்டுவந்து வீட்டில் வேர்விடச் செய்வது எல்லாவற்றிலும் நல்லது.

கடைசியாக, இது மூடாக்கு விஷயம் இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். மூடாக்கும் கொடியும் மேல்மண் அரிப்பைத்தான் தடுக்கும், மண்சரிவைத் தடுக்காது. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் போனார்கள். அன்று சரிந்ததில் பச்சைப்பசேல் என்று இருந்த இடங்களும் உண்டு. சரிவின் மேல்விளிம்பில் பிறை மாதிரி வெடிப்பு தெரிகிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா, புதிதாக ஊற்று கசிகிறதா என்று பாருங்கள். கூரைத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் சரிவில் விழாமல் குழாய் போட்டுக் கீழே கொண்டுபோய் விடுங்கள். கல்கட்டு இருந்தால் அதில் தண்ணீர் வெளியேறும் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். வெடிப்பு இருந்தால் தோட்டத்தை மறந்துவிட்டு முதலில் விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.


பனிவிழும்தோட்டம் (உதகை):

ஐயா, தானாக முளைப்பதை விடுவது சரிதான், ஆனால் அதற்கு எது நல்லது எது கெட்டது என்று முளையிலேயே தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு முப்பது வருடம் ஆயிற்று, திருப்பூரிலிருந்து வந்தவருக்கு? முதல் வருடம் அவர் வல்லாரையைப் பிடுங்கிவிட்டு உண்ணிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்.


பழைய_பீல்டு (குன்னூர்):

அதுவும் உண்மைதான். உண்ணிச்செடி இலையைக் கசக்கி மோந்து பார்க்கச் சொல்லுங்கள், ஒரு முறை மோந்தால் மறக்காது.


மேட்டுவீட்டான் (கோத்தகிரி):

சிரித்துவிட்டேன், ஆனால் உதகைக்காரர் சொன்னது பொய்யில்லை, போன மாதம் ஒரு களைக்கு நான் உரம் வைத்திருக்கிறேன்.

இன்று மழை விட்டதும் மேல்விளிம்பு முழுக்க நடந்து பார்த்தேன், வெடிப்பு இல்லை. ஆனால் கூரைத் தண்ணீர்க் குழாய் நேராகச் சரிவின் தலையில்தான் கொட்டுகிறது, இத்தனை நாளும் கவனிக்கவே இல்லை. போன வாரம் வாய்க்கால் விழுந்ததும் சரியாக அதற்குக் கீழேதான். நாளைக்கு பிளம்பர் வருகிறார். நர்சரியில் படர்கடலை இல்லை, முன்பணத்துக்கு இரண்டு ரோஜாவும் ஒரு காமெலியாவும் எடுத்துக்கொண்டேன், அம்மாவுக்குச் சந்தோஷம்.

அக்கா, குச்சிக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் மரமே இல்லை.


தேயிலைக்காரி (கோத்தகிரி):

ஆகஸ்ட்டில் கவாத்து செய்தது எங்கள் ரோட்டோரம் குவிந்து கிடக்கிறது. வரிசைக்குள் கிடப்பது என் தேயிலைக்கு, அதைத் தொடக்கூடாது, ரோட்டோரக் குவியலை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். தனிச்செய்தியில் இடம் சொல்கிறேன். பிக்கப் வண்டி வாசல் வரை வரும், மழை பெய்தால் வராது, வழுக்கும். தடித்த கையுறை கொண்டு வாருங்கள், குவியலுக்குள் கை விடும் முன் ஒரு கம்பால் நாலு தட்டுத் தட்டிவிட்டு எடுங்கள், அதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.